ஊர் அதிகம் பார்த்த படம்

நான் ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் மாங்காயும் மயிலும் வரைந்து, அதைத் தறிக்குப் புரிகிற மாதிரி அட்டையில் ஓட்டை ஓட்டையாக அடித்துக் கொடுப்பது என் தொழில். ஓட்டை உள்ள இடத்தில் நூல் எழும்பும், இல்லாத இடத்தில் சும்மா கிடக்கும். இதற்கு மேல் விளக்க ஆரம்பித்தால் என் வீட்டுக்காரரே எழுந்து போய்விடுவார், அதனால் விட்டுவிடுகிறேன்.

தொழில் சோறு போடுகிறது. உயிர் என்னவோ சினிமாவில்தான். அதிலும் ஒரு நடிகர். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் காம்பஸால் அவர் பெயரைக் கீறி அடி வாங்கியவள் நான். இப்போதும் அவர் திரையில் நடந்து வந்தால் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பேன். பக்கத்து சீட்டில் என் மகள் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். மூடிக்கொள்ளட்டும், டிக்கெட் நான் எடுத்தது.

அதே அளவுக்குச் சினிமா விருதுகள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. சிறந்த படம் எது என்று நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் டிவியில் வருஷா வருஷம் 'மக்கள் மனம் கவர்ந்த படம்' என்று ஒன்று கொடுப்பார்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு வயிறு எரியும். எந்த மக்கள்? என்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யாரையும் கேட்கவில்லை. யார் விழாவுக்கு வர ஒத்துக்கொண்டாரோ அவர் மக்கள் மனதைக் கவர்ந்தவர் ஆகிவிடுகிறார். டிவி முன்னால் உட்கார்ந்து நான் இதைக் கத்திக் கத்திச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அதனால் எங்கள் ஊர் சினிமா ரசிகர் சங்கம் சொந்தமாக ஒரு விருது கொடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். பட்டு வியாபாரிகள், அரிசி மில்காரர்கள், தியேட்டர்காரர்கள் எல்லாம் சேர்ந்த சங்கம் அது. தலைவர் ஒரு பட்டு மொத்த வியாபாரி. எனக்கு வருகிற டிசைன் வேலையில் பாதி அவர் கடையிலிருந்துதான் வரும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னம்மா என்பார். அவ்வளவு பழக்கம். கமிட்டியில் ஒரே பெண் பிள்ளை நான்தான்.

விதியை எழுதியதே நான். நடுவர் கிடையாது, ஓட்டுப் பெட்டி கிடையாது. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஊரில் உள்ள தியேட்டர்களில் எந்தப் படத்துக்கு அதிகம் பேர் வந்தார்களோ அந்தப் படத்துக்கு விருது. பணத்தை எண்ணக்கூடாது, தலையை எண்ண வேண்டும். பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரம் டிக்கெட் விலையை ஏற்றிவிடுகிறார்கள், அந்தக் கணக்கு வேண்டாம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். 'ஊர் அதிகம் பார்த்த படம்' என்று விருதுக்குப் பெயர் வைத்து பஸ் ஸ்டாண்டு வரை போஸ்டர் ஒட்டினோம்.

என்ன கொடுப்பது என்பதில் பேச்சே இல்லை. கேடயத்தை எல்லா ஊரும் கொடுக்கும். பட்டு ஊரில் பட்டுதான். நல்ல அரக்குப் பட்டில் ஒரு அங்கவஸ்திரம், இரண்டு முனையிலும் படத்தின் பெயர் ஜரிகையில்.

இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. தறிக்காரர்கள் ஊரில் எதையும் நடந்த பிறகு செய்கிற பழக்கம் கிடையாது. தீபாவளிச் சேலை ஆடியிலேயே தறியில் ஏறிவிடும். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியில் பாவு நூல் போட்டுவிடுவோம். அதே பழக்கத்தில், தை மாசம் விழா என்றால் கார்த்திகையில் அங்கவஸ்திரம் நெய்து முடித்திருக்க வேண்டாமா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றோம். ஒரு ஆள்கூட, "ஜெயித்தது எந்தப் படம் என்று டிசம்பர் முடிந்தால்தானே தெரியும்" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏனென்றால் தீபாவளிக்கு என் நடிகர் படம் வந்திருந்தது. ஊரே அதிர்ந்தது. போளூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். இனிமேல் எது வந்து இதைத் தாண்டப்போகிறது என்று எல்லோரும் சொன்னோம். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்தோம்.

அந்தப் பெயரை வரைய நான் எடுத்துக்கொண்ட பாடு இருக்கிறதே, என் மகள் கல்யாணப் புடவைக்குக்கூட அவ்வளவு படமாட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் வாலும் கொம்பும் வைத்து இழைத்தேன். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி போட்டிருக்கிற ஒரு பெண் அதை நெய்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கைவேலை சுத்தம், வாய் அதைவிட நீளம். நெய்து கொண்டுவந்து கொடுத்தபோது, "இன்னாக்கா, அந்தாளு படத்து பேரு எழுதறதுன்னா மட்டும் கை இப்டி இழைக்குது? போன மாசம் எனக்குக் குடுத்த மயிலு கோழியாட்டம் இருந்திச்சே" என்று கேட்டாள். நான் துணியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு சின்னப் படம் வந்தது. தெரிந்த முகமே இல்லை. இரண்டு சம்பந்தியம்மாக்கள் ஒரு வாடகை வீட்டில் ஒன்றாக மாட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் சண்டை போடுகிறார்கள். அதுதான் கதை. யூடியூபில் விமர்சனம் பண்ணுகிறவர்கள் எல்லாம் சீரியல் என்று துப்பினார்கள். முதல் வாரம் தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். எடுத்துவிடுவதாகத்தான் இருந்தார்கள்.

அதற்குள் அமாவாசை வந்துவிட்டது. அமாவாசை அன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. மாசம் பூராவும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு அன்றைக்கு ஒரு நாள்தான் ஓய்வு. சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, கூட்டமாகச் சினிமாவுக்கு வந்தார்கள். என் நடிகர் படத்தைத்தான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே, இதைப் பார்ப்போம் என்று உள்ளே போனவர்கள், வெளியே வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாள் பேச்சு ஊர் பூராவும் பரவியது. மாமியார்கள் மருமகள்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மருமகள்கள் தங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். அரையாண்டு லீவு வேறு சேர்ந்துகொண்டது. மத்தியான ஆட்டத்துக்கே ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கியது.

நானும் பார்த்தேன். முள்ளிப்பட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. சாம்பார்க் கரண்டியால் அடித்துக்கொண்டால் நகைச்சுவையா? சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் உருண்டு உருண்டு சிரிக்க, நான் மட்டும் சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் கழிந்து தியேட்டர்களிலிருந்து தலைக்கணக்கு வந்தது. சின்னப் படம் முந்திவிட்டது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே முந்திவிட்டது.

தலைவர் கடையில் வெள்ளை விரிப்பு மேல் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். விழாவுக்குப் பத்து நாள்கூட இல்லை. தலைவர் செருமிக்கொண்டு, "சரி, நெய்ஞ்சு மடிச்சு வெச்சாச்சு. அதையே குடுத்துடுவோம்" என்றார்.

"எப்டிண்ணா குடுக்கறது? ஜெயிச்சது வேற படமாச்சே?" என்றேன்.

"வசூல்ல பாத்தா இதாம்மா மொதல்ல நிக்குது."

"வசூல் வேணாம், தலைய எண்ணுவோம்னு நாமதான சொன்னோம்? போஸ்டர்ல ஊர் அதிகம் பார்த்த படம்னுதான போட்டுகிறோம்?"

"யார் வந்து எண்ணப் போறாங்க? தயாரிப்பாளர் வர்றேன்னு ஒத்துகினாரு. உன் ஹீரோவோட மேனேஜர் வேற வர்றாரு. இந்தச் சின்னப் படத்துக்கு யார் வருவா, அந்தச் சம்பந்தியம்மாங்களா? பேஜார் பண்ணாத. போய் அந்தத் துணிய எடுத்துகினு வா."

இத்தனை வருஷம் டிவியைப் பார்த்து நான் கத்திய கத்தல் எல்லாம் அந்த நிமிஷம் தொண்டைக்கு வந்தது. யார் வர ஒத்துக்கொண்டாரோ அவருக்கு விருது! நாங்களும் அதே கும்பலில் சேர்ந்துவிட்டோம். அதுவும் முதல் வருஷமே.

"துணி என் பீரோல கீதுண்ணா. சாவி என் இடுப்புல கீது. எடுத்துகினு வர மாட்டேன்" என்றேன்.

தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப டிசைன் வேலைக்கும் நான் வேற ஆளப் பாத்துக்கறேம்மா" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழி பூராவும் கணக்குப் போட்டேன். பாதி வேலை போனால் என்ன ஆகும் என்று தெரியாதவள் இல்லை நான். ஆரணியில் டிசைன் போடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, "அந்தப் படம் ஒனக்குப் பிடிக்கவே இல்லையே" என்றார்.

"இல்லதான்."

"பிடிச்ச படத்துக்கு விருது வேணாங்கற, பிடிக்காத படத்துக்காகப் பொழப்பக் கெடுத்துக்கற. நல்லாகீது உன் ஞாயம்."

நான் செய்தது நியாயம்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பிடித்த படத்துக்கு நான் கொடுப்பதென்றால் அது என் விருது. அதற்கு ஊர் பெயர் எதற்கு? ஆனால் அன்றைக்கு இதை அவ்வளவு தெளிவாகச் சொல்ல வரவில்லை. "சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் தலைவர் வண்டி வாசலில் வந்து நின்றது. வேலையை நிறுத்தத்தான் வருகிறார், கொடுத்த நூல் கண்டு, மாதிரித் துணி எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பார் என்று நினைத்து, ஒரு பையில் போட்டுக்கூட வைத்துவிட்டேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, "சின்னப் படம் பேரையே புதுசா போடு. ஜல்தி ஆகணும்" என்றார். திரும்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது என்ன என்று அவர் மனைவியே, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பிறகு எனக்குச் சொன்னார். முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் இவர் விஷயத்தைச் சொல்லி என்னைத் திட்டியிருக்கிறார். அண்ணி குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு மருமகளயும் கூட்டிகினு நானு போய்ப் பாத்தேன். அந்தத் தலைக்கணக்குல மூணு தல எங்களுது. எங்க தலய எடுக்கறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டாராம். மருமகள்கள் இரண்டு பேரும் அண்ணிக்குப் பின்னால் வந்து நின்றார்களாம். அந்த மூன்று பேரும் ஒரே பக்கம் நின்றதை அவர் அதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம். அவர் என்னதான் செய்வார், பாவம்.

பெரிய படத்தின் தயாரிப்பாளருக்கு எப்படிச் சொல்வது என்று தலைவர் தண்ணீர் குடித்துத் தண்ணீர் குடித்து போன் போட்டார். அந்தப் பக்கம், "அப்டியா சார், பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். இதற்கா தலைவர் அவ்வளவு குதித்தார்? சின்னப் படத்தின் இயக்குநருக்கு நான் போன் போட்டேன். அந்த மனுஷன் நம்பவே இல்லை. "விருதுன்னா நான் எவ்ளோ கட்டணும்ங்க?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றும் கட்ட வேண்டாம், பஸ் பிடித்து வந்தால் போதும் என்றேன். பிறகு மெதுவாக, "ஆரணில என் படம் ஓடிச்சுங்களா?" என்றார்.

துணி நெய்ய வேண்டுமே. அரக்குப் பாவில் மிச்சம் இருந்தது, பொங்கலுக்குத் தறி சும்மா கிடந்ததால் முள்ளிப்பட்டுக்காரி அதை அறுக்காமல் வைத்திருந்தாள். நான் ஒரே நாளில் பெயரை வரைந்து அட்டையை அடித்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெயரைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் பல்லு. ஆனால் நாள் எண்ணியபோதுதான் தெரிந்தது, விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் தை அமாவாசை.

தலைவர் போனிலேயே கெஞ்சினார். காலையில் ஒரு மணி நேரம், விளக்கேற்றிவிட்டு ஒரு மணி நேரம் என்று இறங்கி வந்தார். அவள் அசையவில்லை. "அமாவாசையில தறி நாடாவத் தொட மாட்டேங்க. போன அமாவாசையில தறி ஓடியிருந்தா இந்தப் படத்த யார் போய்ப் பாத்திருப்பா?" என்று கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். தலைவர் போனை வைத்துவிட்டார்.

அதனால் துணி குட்டையாகத்தான் வந்தது. ஒரு முனையில் மட்டும் பெயர், மறுமுனையில் வெறும் கரை. அங்கவஸ்திரம் என்றும் சொல்ல முடியாது, துண்டு என்றும் சொல்ல முடியாது. எழுத்து மட்டும் நன்றாக விழுந்திருந்தது. என் நடிகர் படத்தின் பெயர் போட்ட பழைய துணியை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். சங்கத்துக்கு அதற்கான நூல் விலையைக் கொடுத்து நானே எடுத்துக்கொண்டேன். ரசிகை நான்தானே.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெண்கள் பக்கம் உட்கார இடமில்லை. முள்ளிப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். தலைவர் மேடையில் அரைமணி நேரம் பேசினார். கணக்கென்றால் கணக்குதான், யாருக்கும் வளைய மாட்டேன் என்று தான் அன்றே சொல்லிவிட்டதாக முழங்கினார். முன்வரிசையில் அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இயக்குநர் கசங்கின சட்டையில் வந்திருந்தார். நடுத்தர வயது, தலை முன்பக்கம் வழுக்கை. துணியைப் போர்த்தினால் தோளோடு நின்றுவிட்டது. அவர் அதை எடுத்து விரித்து, ஜரிகை எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எழுத்தை வரைந்தவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் என்னைக் கும்பிட்டார். கையில் மைக் இருந்தது. அதிலேயே கேட்டுவிட்டார்.

"இவ்ளோ அழகா எழுதியிருக்கீங்களேம்மா. படம் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதா?"

மண்டபம் பூராவும் என்னைப் பார்த்தது. ஒரு வார்த்தை, 'ஆமாங்க' என்றால் முடிந்தது. கைதட்டல் வந்திருக்கும், போட்டோ எடுத்திருப்பார்கள். ஆனால் இந்த ஒரு விருதிலாவது பொய் இருக்கக் கூடாது என்றுதானே அத்தனை ஆட்டம் ஆடினேன்.

"இல்லீங்க. எனக்குப் பிடிக்கல" என்றேன். மைக் அதையும் ஊருக்கே சொன்னது.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநரின் முகம் சுருங்கியது. அவர் தப்பாக எதுவும் கேட்கவில்லையே. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து முள்ளிப்பட்டுக்காரி நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"அவங்களுக்குப் பிடிக்கல சார்! எங்களுக்குப் பிடிச்சிது! வேற படத்துக்குக் குடுக்கறேன்னாங்க. இவங்கதான் பீரோ சாவிய இடுப்புல சொருகிகினு தர மாட்டேன்னு நின்னாங்க!"

அதற்குப் பிறகு ஒரே இரைச்சல். சாம்பார்க் கரண்டி சீன் என்று ஒருத்தி கத்தினாள். கட்டில் உடைகிற சீன் என்று இன்னொருத்தி கத்தினாள். அண்ணியும் இரண்டு மருமகள்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயக்குநர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் குட்டைத் துணியை இரண்டு கையாலும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"படத்தப் பாத்த மெட்ராஸ்காரங்க எல்லாரும் என் மூஞ்சிக்கு நேரா சூப்பர்னுதாம்மா சொன்னாங்க. ஒருத்தரயும் நான் நம்பல. நீங்க பிடிக்கலன்னு சொன்னீங்களே, இந்த விருத நம்பறேன்" என்றார்.

என்னிடம் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, நேராகப் பெண்கள் பக்கம் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் அவர் படத்தையே அவருக்கு நடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். நான் மைக்கைப் பிடித்தபடி மேடையில் தனியாக நின்றேன். என் நடிகருக்கு வர வேண்டிய விருதை நானே தட்டிவிட்டுவிட்டு, ஒருநாள் இவ்வளவு சந்தோஷமாக நிற்பேன் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவர்களை அடித்தே இருப்பேன்.